இன்னும் ஒரு கரண்டி!

தை பிறக்கிறது. புத்தரிசி வருகிறது, புதுப்பானை அடுப்பேறுகிறது, கரும்பு வாயிலில் சாய்ந்து நிற்கிறது. பால் பொங்கி வழியும் வேளையில் வீட்டுச் சிறுவர் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவுகின்றனர். உழைத்தவன் தன் விளைச்சலைக் கண்டு மகிழும் விழா. எந்த அசுரனையும் கொன்றதாகக் கதை கட்டாத விழா. எவரையும் இழிவு செய்யாத விழா. ஆகவேதான் இது தமிழர் திருநாள் என்று நம் இயக்கம் இதனை ஏற்றது, போற்றியது, ஊர்தோறும் மேடையிட்டுக் கொண்டாடியது.

அந்தத் திருநாளைப் பற்றித்தான் எழுதுகிறோம். எனினும், பானையைப் பாட முற்படவில்லை. பானையிலிருந்து இலைக்கு வருகிறதே கரண்டி — அதைப் பற்றி எழுதுகிறோம். அந்தக் கரண்டியைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி எழுதுகிறோம். காரணம் உண்டு. ஒரு பொங்கல் நாளில் அந்தக் கை நம் கையாகவே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பொங்கலன்று நண்பர் ஒருவர் நம் இல்லம் வந்தார். பள்ளியாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுபவர், அடுத்தவர் மனம் நோகப் பேசி அறியாதவர். இலை போட்டோம். சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். உண்டார். மீண்டும் வைக்கப் போனோம். இலையின்மேல் கையை விரித்து மறைத்தார்.

"போதும் ஐயா" என்றார்.

"என்ன ஆசிரியரே, எங்கள் வீட்டுப் பொங்கல் இனிக்கவில்லையா? நல்ல நாளும் அதுவுமாக மறுக்கலாமா? இன்னும் ஒரு கரண்டி!" என்றோம்.

சிரித்தார், கையை விலக்கினார். நெய் வழிய ஒரு கரண்டி இட்டோம். அதன்பின் வடை இரண்டு, பாயசம் ஒரு கிண்ணம். அவர் உண்ண உண்ண நமக்குப் பெருமை. விருந்தோம்பலில் நம்மை வெல்ல யாருண்டு என்ற இறுமாப்பு!

எட்டுத் திங்கள் கழித்து அவரை மருத்துவமனையில் கண்டோம். வலக்காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய் என்று அப்போதுதான் தெரிந்தது. "சொல்லியிருக்கக் கூடாதா ஆசிரியரே?" என்று தழுதழுத்தோம். அவர் சொன்ன மறுமொழி இன்றும் செவியில் நிற்கிறது: "நல்ல நாளில், பத்துப் பேர் நடுவில், நோயாளி என்று எப்படி ஐயா சொல்வது? உங்கள் வீட்டம்மா முகம் வாடாதா?"

ஒரு கரண்டிப் பொங்கல் ஒருவரின் விரலைப் பறித்துவிடாது — அறிவோம். பல்லாண்டுக் காலம் குருதியில் சர்க்கரை மிகுந்து, நரம்பு கெட்டு, காலில் உணர்வு மங்கி, முள் தைத்ததும் கல் குத்தியதும் தெரியாமல் புண்ணாகி, குருதியோட்டம் குறைந்ததால் அந்தப் புண் ஆறாமல் போய் முடிந்த கதை அது. ஆனால், பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை திருமணம், எத்தனை காதணி விழா, எத்தனை புதுமனை புகுவிழா, எத்தனை பொங்கல்! ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அன்புக் கரம், ஒவ்வொரு கரத்திலும் ஒரு கரண்டி! நம் கரண்டி அவற்றுள் ஒன்று. குற்றத்தில் நம் பங்கு சிறிதாயிருக்கலாம். இல்லை என்று சொல்ல நம்மால் முடியாது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி நம்மைக் குடைந்துகொண்டே இருக்கிறது. விருந்தளிப்பவனின் அன்புக்கு விருந்தினனின் உடல்மீது உரிமை உண்டா? "போதும்" என்று ஒருவர் சொன்ன பின்னும் அவர் இலையில் இடுவது உபசாரமா, ஆதிக்கமா?

எடுத்த எடுப்பில் ஆதிக்கம் என்று தீர்ப்புக் கூறிவிட நாம் முனையவில்லை. எந்தப் பழக்கத்துக்கும் அது பிறந்த காலத்தில் ஒரு காரணம் இருந்திருக்கும். வற்புறுத்தி உண்பிக்கும் பழக்கம் பிறந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். பசி ஊரெங்கும் பரவியிருந்த காலம் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பின்னும் நெடுங்காலம், அரிசிச் சோறு என்பது ஏழை வீட்டில் நாள்தோறும் கண்ட பொருளன்று. கூழும் களியுமே உணவு. அப்படிப்பட்டவர் விருந்துக்கு வருகிறார். வயிறு 'இன்னும்' என்கிறது. நாணமோ 'போதும்' என்று சொல்லச் சொல்கிறது. இவரைக் கூச்சமின்றி உண்ணச் செய்ய ஒரே வழி, "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவதுதான். வறியவரின் தன்மானத்தைக் காத்துக்கொண்டே அவர் வயிற்றை நிரப்பிய நயமான ஏற்பாடு அது. அன்று அந்த வற்புறுத்தல் அன்பே, ஐயமில்லை.

ஆனால், காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் நிற்கிறது! காரணம் செத்த பின்னும் காரியம் நடமாடினால் அதற்குப் பெயர் மூடப்பழக்கம். பழமை என்பதற்காக எதையும் ஏற்காதே. உன் அறிவைக்கொண்டு எடைபோட்டுப் பார் என்று தந்தை பெரியார் நாட்டுக்குச் சொன்னாரே, அந்தத் தராசில் கோயிலை மட்டுமா வைப்பது? சோற்றுக் கரண்டியையும் வைத்துப் பார்க்க வேண்டாமா?

வைத்துப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுதும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2021 ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி, நீரிழிவின் வாயிற்படியில் நிற்போர் 13.6 கோடி; இரத்தக் கொதிப்பு உடையோர் 31.5 கோடி என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. பந்தியில் வரிசையாக அமர்ந்திருப்போரை இனி வேறு கண்கொண்டு பாருங்கள். யாருக்கு நோய் என்பது முகத்தில் எழுதியிருக்காது. அமர்ந்திருப்பவர்க்கே தெரியாமலும் இருக்கும். அந்த வரிசையின் நடுவே நாம் பாயச வாளியோடு ஓடுகிறோம், வேண்டாம் என்பவரை விரட்டி விரட்டி!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021 ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம். ஆனால், மாத்திரை நுழையும் அதே வாயிற்படி வழியாகத்தான், விழா நாளில் பக்கத்து வீட்டு இனிப்புத் தூக்கும் நுழைகிறது. எதிர்வீட்டு முறுக்குத் தட்டும் நுழைகிறது. சம்பந்தி வீட்டுப் பலகாரக் கூடையும் நுழைகிறது. அரசு ஒரு கையால் தருவதைச் சமுதாயம் இரு கையால் தட்டிவிடுகிறது!

விழா உணவைச் சுற்றி எழுந்துள்ள மூடநம்பிக்கைகளை எண்ணினால் ஒரு புராணமே எழுதலாம்.

"நல்ல நாளில் உண்டால் ஒன்றும் செய்யாது" என்பது முதல் நம்பிக்கை. குருதி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, தோழரே! அதற்கு நல்ல நாளும் தெரியாது, இராகு காலமும் தெரியாது. உண்ட மாவுப்பொருளும் சர்க்கரையும் அதனுள் கலக்கின்றன, அதைச் சமாளிக்கும் ஆற்றல் உடலில் இருந்தால் சமாளிக்கிறது, இல்லையேல் தேங்குகிறது. அவ்வளவே.

"வெல்லம்தானே, சீனி இல்லையே" என்பது இரண்டாவது. படித்தவரும் இதைச் சொல்லக் கேட்கிறோம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்தவையே. அவற்றில் சிறிது தாது உப்பு இருக்கிறது, மெய்தான். ஆனால் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். பெயர் மாறினால் பண்பு மாறிவிடுமா? உணவுப் பொருளோடு சேர்க்கும் சர்க்கரை, நாளொன்றுக்கு நாம் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; அதில் பாதியாக, ஏறத்தாழ 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் கூறிற்று. 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. ஒரு கிண்ணம் பாயசத்தில் எத்தனை தேக்கரண்டி இனிப்பு இடுகிறோம் என்பதைச் சமைப்போர் அறிவர். நாம் சொல்ல வேண்டியதில்லை.

"சிறுதானியப் பொங்கல், எவ்வளவும் உண்ணலாம்" என்பது புதிதாக முளைத்த நம்பிக்கை. 2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தினையும் சாமையும் வரகும் மீண்டும் நம் அடுக்களைக்கு வருவது மகிழ்ச்சியே. ஆனால் தினையில் அதே வெல்லத்தையும் அதே நெய்யையும் கொட்டிக் கிளறிவிட்டு மருந்து என்று பெயர் சூட்டுவது, பழைய பொம்மைக்குப் புதுச்சட்டை போடுவதே ஆகும்.

"சைவ விருந்து, ஆகவே உடலுக்குத் தீங்கில்லை" என்பது இன்னொன்று. இதன் வேர் மருத்துவத்தில் இல்லை; உயர்வு தாழ்வு பேசிய சமுதாயத்தில் இருக்கிறது. புலால் உண்பவன் தாழ்ந்தவன், மரக்கறி உண்பவன் தூயவன் என்ற பழைய பொய்தான் இன்று நலவாழ்வு வேடம் பூண்டு வருகிறது. காணும் பொங்கலன்று உண்ணும் கறிக்குழம்பும் அளவு மீறினால் கெடுதிதான். நெய்யும் சீனியும் எண்ணெயும் குழைந்த மரக்கறி விருந்தும் அளவு மீறினால் கெடுதிதான். உடல் சாதி கேட்பதில்லை, அளவைத்தான் கேட்கிறது.

இவற்றையெல்லாம் விடக் கொடிய நம்பிக்கை ஒன்றுண்டு. "இன்று ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொண்டால் போகிறது!" என்று துணிந்துவிடுகிறார்கள். வேறு சிலர், மதிய விருந்தில் வெளுத்துக்கட்டலாம் என்று காலை உணவைத் தவிர்த்துவிடுகிறார்கள். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிடுகிறார்கள். சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், உணவின்றி இருக்கும் உடலில் சர்க்கரையை அளவுக்குக் கீழே இறக்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருளும். உடனே கவனியாவிட்டால் உயிருக்கே கேடாகும். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. அதை விருந்துப் பட்டியலிடம் ஒப்படைக்கலாகாது.

"விருந்தோம்பல் தமிழர் பண்பாடு, அதையே குறை சொல்கிறீரே" என்று பண்பாட்டுக் காவலர் சினக்கக் கூடும். சினம் வேண்டாம். பண்பாட்டையே சான்றுக்கு அழைப்போம். 1949 ஆம் ஆண்டில் பெரியார் மாநாடு கூட்டி நாட்டு மக்கள் முன் வைத்த நூல் திருக்குறள். அதன் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து. அந்த மருந்து அதிகாரத்தில் மூலிகைப் பட்டியலைத் தேடினால் கிடைக்காது. முன் உண்டது செரித்ததா என்று பார், அளவறிந்து உண் — இதுவே அதன் சாரம். விருந்தினரைப் போற்று என்றவரும் வள்ளுவரே. அளவறிந்து உண் என்றவரும் வள்ளுவரே. இரண்டுக்கும் பகை இருப்பதாக அவர் எண்ணவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தைக் கிழித்தெறிந்தவர்கள் நாம்தான்!

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் அவளைப் பிடித்திருந்தது. எவ்வளவு உண்டும் அடங்கவில்லை. இறுதியில் மணிமேகலை இட்ட ஒரு பிடி உணவில் அந்தப் பசி அடங்கிற்று என்கிறது காப்பியம். சாபத்தையும் அமுதசுரபியையும் நாம் நம்ப வேண்டியதில்லை, கதை கதைதான். ஆயினும் நம் காலத்து விருந்துகளைப் பார்க்கையில் காயசண்டிகையின் நினைவு வருகிறது. யானைத்தீ இப்போது உண்பவனைப் பிடிக்கவில்லை, விருந்தளிப்பவனைப் பிடித்திருக்கிறது! பதினைந்து வகை வைத்தால் அடங்கவில்லை, இருபது வேண்டும். இருபது வைத்தால், அடுத்த வீட்டுக்காரர் இருபத்தைந்து வைத்துவிட்டார் என்ற செய்தி வருகிறது. இந்தப் பசி வயிற்றில் எழுந்ததாயின் ஒரு பிடிச் சோற்றில் அடங்கும். கௌரவத்தில் எழுந்த பசி எதில் அடங்கும்?

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மவர் வீடுகளிலும் இதே கதைதான். சடங்கு வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம், ஒரு நாள் கூத்துக்குக் கடன்பட வேண்டாம் என்று சொன்னது சுயமரியாதை இயக்கம். அந்தத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க 1967 இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு சட்டம் நிறைவேற்றியது. இன்று என்ன நடக்கிறது? மந்திரம் போயிற்று, புரோகிதரை அனுப்பிவிட்டோம். அவர் எழுந்து போன இடத்தில் சமையல் ஒப்பந்தக்காரர் வந்து அமர்ந்துவிட்டார்! முன்பு அவர் சொன்ன சடங்கை ஏனென்று கேளாமல் செய்தோம். இப்போது இவர் தரும் பட்டியலை ஏனென்று கேளாமல் ஏற்கிறோம். இலையில் இடமில்லாத அளவு வகைகள். உண்பவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நின்றுகொண்டு, இவர் எப்போது எழுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வையின் சூட்டில் இவர் மென்றும் மெல்லாமலும் விழுங்குகிறார். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு எட்டச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரத்தை நாம் தருவதில்லை. செய்தி எட்டும்போது இலை மூன்று பங்கு காலி, அல்லது மூன்று பங்கு குப்பை.

இனி, அடுக்களைப் பக்கம் செல்வோம். அங்கேதான் நெஞ்சு பதறும் காட்சி இருக்கிறது. பந்திக்கு முதலில் உட்காருபவர் ஆண்கள். விடியுமுன் எழுந்து, வாணலிச் சூட்டிலும் புகையிலும் நின்று, இருபது பேருக்கு வடித்துக் கொட்டிய தாய் கடைசியில் உட்காருகிறாள். அப்போது மணி மூன்று. காலை மாத்திரை போட்டாளா என்று எவரும் கேட்கவில்லை, அவளுக்கே நினைவில்லை. கூட்டும் பொரியலும் தீர்ந்துவிட்டன. மீந்திருப்பது சோறு, குழம்பின் அடி, பாத்திரத்தில் ஒட்டிய பாயசம். "வீணாகப் போகிறதே" என்று அதை வழித்து உண்கிறாள். மறுநாளும் மீந்த பலகாரத்தை அவளே தீர்க்கிறாள். நேரத்துக்கு உணவில்லாக் கொடுமை, பின்னர் வேண்டாததை எல்லாம் உண்டு தீர்க்கும் கொடுமை — இரண்டும் ஒரே உடலில்! பெண்ணுரிமைத் தீர்மானத்தை 1929 செங்கற்பட்டு மாநாட்டில் நிறைவேற்றிய இயக்கத்தின் வழிவந்தோர் வீட்டில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும், சமைத்தவள் கடைசிப் பந்தி என்றால், நாம் எந்த முகத்தோடு மேடை ஏறுவது?

ஒரு யோசனை இப்போது சிலரிடம் தோன்றுகிறது. நோயாளிகளுக்கென்று தனி மேசை போட்டு, தனி உணவு வைத்துவிட்டால் போகிறதே என்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் நமக்கு உடன்பாடில்லை. தனிப்பந்தி என்ற சொல் செவியில் விழுந்ததும் நமக்குச் சேரன்மாதேவி நினைவுக்கு வருகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பன மாணவர்க்குத் தனியே உணவு படைத்ததை எதிர்த்து, 1924, 1925 ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி நாட்டையே உலுக்கியது. உடன் அமர்ந்து உண்பது மனிதனை மனிதன் மதிப்பதன் அடையாளம் என்று போராடிப் பெற்றவர்கள் நாம். அண்ணா மறைந்த பிப்ரவரி 3 ஆம் நாளில் கோயில்களில் பொது விருந்து நடப்பதும் அந்த மரபின் தொடர்ச்சியே. நோயுற்றவரை ஒரு மூலைக்கு அனுப்பினால், நம் ஆசிரியர் அஞ்சிய அந்த வெட்கத்துக்கு நாமே ஒரு பலகை எழுதி மாட்டியதாக ஆகும். அந்த மூலைக்குப் போக நாணி, அவர் இந்தப் பந்தியிலேயே அமர்ந்து அதே பாயசத்தை உண்பார். மாற வேண்டியது பொதுப்பந்தி. எல்லோர்க்கும் ஒரே பந்தி. எல்லோர் இலையிலும் நலம் தரும் உணவு. இனிப்பு, கேட்பவர்க்கு கேட்ட அளவு. நோயில்லாதவர்க்கும் அதுதானே நன்று!

"அவனவன் வாயை அவனவன் அடக்கிக்கொள்ளட்டும், ஊரை ஏன் திருத்துகிறீர்?" என்று கேட்பாரும் உண்டு. தனியே உண்ணும்போது அது சரி. விருந்தில் எவன் தனியாக இருக்கிறான்? மறுத்தால் மாமியார் முகம் சுளிக்கிறார், மைத்துனர் "எங்கள் அக்காள் கையால் சமைத்தது பிடிக்கவில்லையா மாப்பிள்ளை?" என்று ஊசி ஏற்றுகிறார். ஒருபுறம் உறவு, மறுபுறம் உடல். எதை வேண்டுமோ தேர்ந்துகொள் என்று நிறுத்திவிட்டு, அடக்கம் இல்லாதவன் என்று பழிப்பது அறமாகாது. 'போதும்' என்பது எளிதாகச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். அதை எளிதாக்கும் கடமை விருந்தளிப்பவனுடையது.

மற்றொரு கேள்வியை நாம் மதிப்போடு எதிர்கொள்கிறோம். "ஆண்டுக்கு ஒருநாள் வயிறார உண்ணும் ஏழையிடம் போய் அளவு பேசுகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை, தோழர்களே. பசித்தவன்முன் அளவு பேசுபவன் கயவன். நம் வரலாறே சோற்றின் வரலாறு. 1920 இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளித்தது. 1967 இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்தார். 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. பசியைப் பழிக்கவோ, பட்டினியைப் புகழவோ நாம் பிறக்கவில்லை. உண்ணாநோன்பு இருந்தால் புண்ணியம் என்பது புராணிகர் பேச்சு. உணவு பாவம் என்று நாம் ஒருநாளும் சொல்லோம். இனிப்பும் மகிழ்ச்சியே, அதை மனிதர்க்குள் பகிர்வது அதனினும் மகிழ்ச்சி. ஏழையின் இலையில் இரண்டாம் கரண்டி அவன் விரும்பிக் கேட்டால் மூன்றாம் கரண்டியும் இடுவோம். நாம் எதிர்ப்பது கரண்டியை அன்று, கட்டாயத்தை. இந்த நோய் செல்வர் வீட்டு நோய் என்ற காலமும் மலையேறிவிட்டது. ஏழைக்கும் வருகிறது, விரலை இழந்தால் அவன் வேலையையும் சேர்த்து இழக்கிறான்.

ஆகவே, என் செய்யலாம்? பெரும்புரட்சி வேண்டாம், சிறு திருத்தங்கள் போதும்.

இலையில் இனிப்பை முதலில் வைக்கும் வழக்கத்தை மாற்றுவோம். முதலில் காய்கறி, சுண்டல், பருப்பு, விரும்புவோர்க்கு மீனோ கறியோ முட்டையோ, பிறகு சோறு, இறுதியில், விரும்பினால் இனிப்பு. இந்த வரிசையில் உண்டால் குருதியில் சர்க்கரை ஏறும் வேகம் தணிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லை, பத்தியமில்லை, வரிசை மாற்றம் மட்டுமே! உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் கேட்பவர்க்கு மட்டும் செல்லட்டும். புட்டியில் அடைத்த இனிப்பு நீருக்குப் பதில் மோர் கொடுப்போம். பந்திக்குப் பந்தி இடைவெளி விட்டு, அமர்ந்தவர் ஆற அமர மென்று உண்ண வழி செய்வோம். உண்டவுடன் படுக்கையைத் தேடாமல், உறவினரோடு பேசிக்கொண்டே தெருக்கோடி வரை நடந்து வருவோம்; அந்தச் சிறு நடையும் சர்க்கரையைத் தணிக்கும். சமைத்த பெண்களை முதற்பந்தியில் அமர்த்தி, ஆண்கள் பரிமாறுவோம். பொன்னாடைக்குப் பதில் நூல் தரும் பழக்கம் நம் மேடைகளில் வந்துவிட்டது. பலகாரக் கூடைக்குப் பதிலாகவும் நூலோ பழமோ கொண்டு செல்வோம்.

நோயுடையோர்க்கும் ஒரு சொல். மறைக்காதீர்கள். நீரிழிவு முன்வினைப் பயனும் அன்று, ஒழுக்கக் கேடும் அன்று. உடலில் நேர்ந்த கோளாறு. அதைச் சொல்ல நாணுவது, செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிவது போலாகும். "எனக்கு நீரிழிவு, இது போதும்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். மேடையில் முழங்குவது மட்டுமா சுயமரியாதை? இலைக்குமுன் அமர்ந்து, தன் உடலுக்குத் தானே உரியவன் என்று அமைதியாகச் சொல்வதும் சுயமரியாதையே.

விருந்தளிப்போர்க்கு இறுதியாக ஒன்று. ஒருமுறை கேளுங்கள். அன்போடு கேளுங்கள். 'போதும்' என்றால், போதும் என்றே பொருள் கொள்ளுங்கள்.

இந்தத் தைத் திருநாளுக்கும் ஆசிரியரை அழைத்திருக்கிறோம். தடியூன்றி வருவார். நம் வீட்டுப் பெண்களோடு முதற்பந்தியில் அமர்வார். நாமே பரிமாறுவோம். அவரைக்காய்ப் பொரியலும் மொச்சைக் குழம்பும் நிறைய இடுவோம். சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு அவரருகே சென்று, "வேண்டுமா ஆசிரியரே?" என்று கேட்போம். அவர் ஒரு வாய் கேட்டால் ஒரு வாய் வைப்போம். கையை விரித்து இலையை மறைத்தால், அந்தக் கையை வணங்கிவிட்டு அடுத்த இலைக்குச் செல்வோம்.

பொங்கட்டும் பானை! வற்புறுத்தல் ஒழியட்டும், விருந்து வாழட்டும்!